அடுத்த புதன்கிழமையும் வந்த தாள்

1893 அக்டோபரில் சென்னையில் நான்கு பக்க மாத இதழ் ஒன்று வெளிவந்தது. விலை இரண்டணா. பெயர் ‘பறையன்’. வசையாக எறியப்பட்டுவந்த சாதிப் பெயரை முகப்பிலேயே அச்சடித்து விற்க முன்வந்தவர் இரட்டைமலை சீனிவாசன். சென்னையில் மட்டும் இரண்டு நாளில் 400 பிரதிகள் விற்றுப்போனதாக 1939இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் அவர் சொல்கிறார். 400 பிரதிகள், இரண்டணா வீதம், 50 ரூபாய். படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே இருந்த, பள்ளிக்கூடத்துக்கும் பொதுக்கிணற்றுக்கும் வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்களிடமிருந்து இரண்டு நாளில் திரண்ட பணம் அது. சுயேச்சை இதழ்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனம் இந்த 50 ரூபாயில்தான் போய் நிற்கிறது.

யாரும் கண்டுகொள்ளாத வாழ்க்கைகளை எழுத ஓர் இதழ் வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு தலைமுறையிலும் எழுகிறது. அது பெரும்பாலும் துணிச்சலைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. யார் எழுதுவார்கள், யார் அஞ்சாமல் அச்சிடுவார்கள் என்று கேட்கிறோம். முதல் இதழைக் கொண்டுவரத் துணிச்சல் போதும். நாற்பதாவது இதழுக்குச் சந்தாப் பட்டியல் வேண்டும், கடன் பொறுக்கும் அச்சகம் வேண்டும், கட்டைப் பிரித்து வீடு வீடாகக் கொடுக்கும் ஆள் வேண்டும், தன் ஊரில் நடந்ததைக் கடிதமாக எழுதும் வாசகர் வேண்டும். ஒடுக்கப்பட்டோர் தாங்களே நடத்திய இதழ்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது: புறக்கணிப்பை அசைப்பது ஒருமுறை வந்து அதிரவைக்கும் கட்டுரையைவிட, கேட்ட கேள்வியோடு அடுத்த வாரமும் வந்து நிற்கும் இதழ்தான்.

கவனிக்கப்படாமல் கிடக்கும் செய்திகளில் பல, யாருக்கும் தெரியாதவை அல்ல. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை குறித்து ஓர் அறிக்கை எழுதி அரசுக்கு அனுப்பினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாததால் மிராசுதாரர் நினைத்தால் வெளியேற்றிவிடலாம் என்பதும், தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்தால் அது எப்படித் தட்டிப்பறிக்கப்படுகிறது என்பதும் அதில் விரிவாக இருக்கின்றன. அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த அரசாணையின்படி ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களையே இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். ஆக, சீனிவாசன் இதழ் தொடங்கியபோது சேரியின் நிலைமை அரசுக் கோப்பில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் கோப்பில் இருக்கும் உண்மை தானாக எழுந்து வாதாடாது. அதைக் கையில் எடுத்துக் கேட்கவும், பதில் வராவிட்டால் மறுபடி கேட்கவும் ஒரு வாய் தேவைப்பட்டது.

நூறாண்டு கடந்தும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 2006இல் மும்பையில் நடந்த ஓர் ஆடை அலங்காரக் காட்சிக்கு 512 செய்தியாளர்கள் அனுமதி பெற்றிருந்தார்கள் என்றும், அதே காலத்தில் விதர்பாவின் பருத்தி விவசாயிகளுடைய தற்கொலைகளை எழுத வெளியிலிருந்து தங்கிப் பணியாற்றியவர்கள் ஆறு பேரே என்றும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் காட்சியில் முன்வைக்கப்பட்டவை பருத்தி ஆடைகள். மும்பைக்கும் விதர்பாவின் நாக்பூருக்கும் இடையே ஒரு மணி நேர விமானப் பயணம்தான். தூரம் இங்கே தடையாக இல்லை. செய்தியாளரை எங்கே அனுப்புவது என்பதை விளம்பரம் தருபவர் யார், பத்திரிகையை வாங்குபவர் யார் என்ற கணக்கு முடிவு செய்கிறது. வேறு இதழ் வேண்டுமானால் அந்தக் கணக்கையே வேறாகப் போட வேண்டும்.

‘பறையன்’ அதைச் செய்தது. மூன்று மாதத்தில் வார இதழானது. இரண்டாண்டில் சொந்த அச்சுக்கூடம் வந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இதழ் தொடங்கிய அதே காலத்தில் நடந்த வேறொரு வேலை. ஆட்சிப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமின்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது. அதை எதிர்த்து சீனிவாசனும் அவருடைய சபையினரும் 112 அடி நீளத்தில் 3,412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றைத் தயாரித்து, நாடாளுமன்ற உறுப்பினர் ஜெனரல் செஸ்னி வழியாக பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தேசிய இயக்க வரலாறு இந்த விண்ணப்பத்தை விரும்பி நினைவுகூர்வதில்லை. உள்ளூரிலேயே தேர்வு நடந்தால் பதவிக்கு வரப்போகிறவர்கள் யார், அவர்கள் கையில் சேரியின் கதி என்ன ஆகும் என்பதே அதன் கேள்வி. கேட்டவர்கள் இருந்த இடத்தில் நின்று பார்த்தால் அது நியாயமான கேள்வி என்றே நான் கருதுகிறேன். அந்தக் காலத்தில் சேரி சேரியாகப் போய் 3,412 கையொப்பம் வாங்க எத்தனை பேர் நடந்திருக்க வேண்டும்! இதழை விற்றவர்களும் வாங்கியவர்களும் படித்துக் காட்டக் கேட்டவர்களும் அந்த நடையில் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

வாசகர்களை நம்பி நடத்தும் இதழுக்கு ஆபத்தும் அவர்கள் வழியாகவே வரக்கூடும். ஆசிரியருக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்தை வெளியிட்டதற்காக ‘பறையன்’ மீது வழக்குப் போடப்பட்டு, சீனிவாசனுக்கு 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. முதல் இதழின் விலைப்படி பார்த்தால் அது 800 பிரதிகளின் பணம். இன்றைய சிற்றிதழ் ஆசிரியர் ஒருவருக்கு அவதூறு வழக்கு ஓலை வரும்போது நெஞ்சு எப்படிக் கனக்கும் என்பதை அறிய இந்தக் கணக்கே போதும். எனினும் இதழ் நிற்கவில்லை. 1900இல் சீனிவாசன் கப்பலேறும்வரை ஏழாண்டுகள் வந்தது.

*

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவரத் தொடங்கியது. ஆசிரியர் அயோத்திதாசர், அப்போது அவருக்கு வயது 62. சித்த மருத்துவர், தமிழ்ப் புலமை மிக்கவர். 1891இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டியவர். மறு ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் கோயில் நுழைவையும் கல்வியையும் நிலத்தையும் கேட்டு நின்று, சிவனும் விஷ்ணுவும் உங்கள் தெய்வங்கள் அல்ல என்ற பொருளில் பதில் வாங்கியவர். அந்த அவமதிப்புக்கும் முதல் இதழுக்கும் இடையே 15 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த 15 ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்பதில்தான் ஓர் இதழை உருவாக்கும் பாடம் இருக்கிறது.

1898இல் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பிய அவர், இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம், பெங்களூர், திருப்பத்தூர், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று அதற்குக் கிளைகள் முளைத்தன. இதழ் பிறந்தபோது அது போய்ச் சேர வேண்டிய வீடுகள் ஏற்கெனவே ஒன்றையொன்று அறிந்திருந்தன. சந்தா பிரிக்கவும், கட்டை வாங்கிப் பிரித்துக் கொடுக்கவும், மாலையில் சங்கக் கூடத்தில் உரக்கப் படிக்கவும் ஆள் இருந்தது. முதலில் இதழ், பிறகு வாசகர் என்றுதான் நாம் வழக்கமாக எண்ணுகிறோம். இங்கே வாசகர்கள் முதலில் திரண்டிருந்தார்கள். இதழ் அவர்களுக்குள்ளிருந்து வந்தது.

அந்த வாசகர்கள் யார் என்று பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. ஜான் டெய்லர் கம்பெனியின் கீழ் 1880களில் விரிந்த கோலார் சுரங்கங்களுக்கு வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆயிரக்கணக்கில் போனார்கள். சுரங்கத்தின் வேலை கொடுமையானது. பாறைச் சரிவும் நுரையீரல் நோயும் உயிரைத் தின்றன. ஆனாலும் அங்கே கூலி காசாகக் கிடைத்தது. பண்ணையாரின் களத்திலிருந்து அளந்து போடப்படும் தானியம் அல்ல அது. ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பலேறியவர்கள், ராணுவத்திலும் ரயில்வேயிலும் வெள்ளைக்காரர் வீடுகளிலும் வேலை செய்தவர்கள் ஆகியோரின் நிலையும் அப்படித்தான். தன் கையில் காசு இருந்தவர், தனக்காகப் பேசும் இதழுக்குச் சந்தா கட்ட முடிந்தது. ‘தமிழ’னின் சுதந்திரத்துக்கு அடியில் அதன் வாசகர்கள் ஊர் நிலக்கிழாரிடமிருந்து பெற்றிருந்த சிறு விடுதலை இருந்தது. இதைப் பேசாமல் ஆசிரியரின் மேதைமையை மட்டும் பேசினால் வரலாறு அரைகுறையாகிவிடும்.

பைசா அன்று ரூபாயில் 64இல் ஒரு பங்கு, அதாவது காலணா. விலையைப் பெயரிலேயே அச்சடித்துவிட்டால் விலை ஏற்ற முடியாது. ஏழையும் வாங்கலாம் என்று வாசலிலேயே எழுதிவைத்த வாக்குறுதி அது. ஓராண்டுக்குப் பின் வாசகர் விருப்பப்படி ‘ஒரு பைசா’ நீங்கி ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கியது. சீனிவாசன் இழிவின் பெயரை ஏந்தி நிமிர்ந்தார். அயோத்திதாசர் அந்தப் பெயரையே மறுத்து, சாதிக்கு முந்திய பெயரைத் தேடினார். உறவினர்களான இருவரும் இதில் ஒத்துப்போகவே இல்லை. இருவர் செய்ததிலும் அறிவு இருக்கிறது.

வாரந்தோறும் புதன்கிழமை ‘தமிழன்’ எதையெல்லாம் சுமந்து வந்தது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அரசியல் விமர்சனம், பௌத்த வரலாறு, திருக்குறளுக்கு உரை, வாசகர் ஐயங்களுக்கு விளக்கம், மருத்துவக் குறிப்பு, மழை, விவசாயம், கிணற்றில் தண்ணீர் எடுக்கத் தடுத்த செய்தி, பள்ளியில் சேர்க்க மறுத்த செய்தி. சுதேசி இயக்கம் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. சொந்த நாட்டாரைத் தீண்ட மறுத்துக்கொண்டு சுயராஜ்யம் கேட்பது எப்படி என்று அயோத்திதாசர் விடாமல் கேட்டார். அவருடைய சொல்லாராய்ச்சிகளில் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. வரலாற்றுக் கூற்றுகள் சிலவும் அப்படியே. ஆனாலும் அந்த இதழை ஆராய்ச்சி நூலாக மட்டும் எடைபோடுவது தவறு. ஒரு மக்கள் கூட்டம் தன் துயரைச் சொல்லவும், தன் பழமையைத் தானே எழுதவும், வயிற்றுவலிக்கு மருந்து கேட்கவும் ஒரே தாளை நம்பியிருந்தது. துயரை மட்டும் அச்சிடும் இதழ் தன் மக்களைத் துயருக்குரியவர்களாக மட்டுமே காட்டும். ‘தமிழன்’ அவர்களை முழு மனிதர்களாக நடத்தியது. இன்று சமூகப் பிரச்சினைகளுக்கென்றே இதழ் தொடங்குகிறவர்கள் இதில் கற்க வேண்டியது நிறைய.

1914 மே 5 அன்று அயோத்திதாசர் மறைந்தார். அவர் மகன் பட்டாபிராமன் சில காலம் இதழைத் தொடர்ந்தார். பிறகு 1926இல் அது மறுபடி உயிர்பெற்றது கோலார் தங்கவயலில், ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில். சென்னையில் எழுதப்பட்ட இதழைச் சந்தா கட்டித் தாங்கிய ஊரே பின்னாளில் அதன் பிறப்பிடமும் ஆனது.

*

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ மராத்தி இதழைத் தொடங்கியபோது கோலாப்பூர் அரசர் சாகு மகாராஜ் 2,500 ரூபாய் தந்தார். அந்த இதழ் வரப்போகும் அறிவிப்பைக் காசு கொடுத்தும் ‘கேசரி’ வெளியிட மறுத்துவிட்டதை அம்பேத்கரே பின்னர் எழுதியிருக்கிறார். திலகர் தொடங்கிய பத்திரிகை அது. கருத்தை மறுக்கலாம். கூலி கொடுத்தாலும் விளம்பரத்தைப் போடமாட்டேன் என்பது அந்தக் கருத்து இருப்பதையே மறுப்பது. ஆதரவாளர் தந்த பெருந்தொகை இதழைத் தொடங்கிவைத்தது, ஆனால் நிலைநிறுத்தவில்லை. அம்பேத்கர் படிக்க லண்டன் போனபின் ‘மூக்நாயக்’ தடுமாறி 1923இல் நின்றது. நான்காண்டு கழித்து, 1927 ஏப்ரல் 3 அன்று ‘பகிஷ்கிருத் பாரத்’ என்று மறுபடி தொடங்கினார். பத்திகளைப் பெரும்பாலும் அவரே உட்கார்ந்து நிரப்ப வேண்டியிருந்தது.

பெருங்கொடையாளர் இல்லாமல் சந்தாவை மட்டும் நம்பி நின்ற இதழுக்கு உதாரணம் தேடினால் வாஷிங்டன் வரை போக வேண்டியிருக்கிறது. மெக்கார்த்தி காலத்துக் கம்யூனிஸ்ட் வேட்டையின் அச்சத்தில் எந்தப் பத்திரிகையும் வேலை தராத நிலையில், செய்தியாளர் ஐ. எஃப். ஸ்டோன் 1953 ஜனவரியில் நான்கு பக்க வார இதழைத் தொடங்கினார். ஆண்டுச் சந்தா 5 டாலர். சுமார் 5,300 சந்தாதாரர்கள். நின்றுபோன சில இடதுசாரி நாளேடுகளின் வாசகர் முகவரிகளே அவருடைய முதல். மனைவி எஸ்தர் சந்தாக் கணக்கைப் பார்த்துக்கொண்டார். ரகசியத் தகவல் தரும் அதிகாரி எவரும் அவருக்கு இல்லை. அரசே அச்சிட்டு யாரும் படிக்காமல் விட்ட ஆவணங்களை அவர் படித்தார். 1957இல் நெவாடாவில் நிலத்தடியில் அணுகுண்டு சோதிக்கப்பட்ட பின், அதன் அதிர்வு 200 மைலுக்கு அப்பால் பதிவாகவில்லை என்று அணுசக்தி ஆணையம் சொன்னது. ஸ்டோன் நில அளவைத் துறையின் நிலநடுக்கப் பதிவுகளை விசாரித்து, இரண்டாயிரம் மைலுக்கும் அப்பால் அலாஸ்காவில்கூட அது பதிவாகியிருந்ததை வெளியிட்டார். ஆணையம் தன் அறிக்கையைத் திருத்திக்கொண்டது. 1971இல் உடல்நலம் கருதி இதழை நிறுத்தியபோது சந்தாதாரர்கள் 70,000 பேர். முன்பு சொன்ன திரமென்ஹீர் அறிக்கை போன்ற கோப்புகளுக்கு ஒரு ஸ்டோன் வாய்த்திருந்தால் என்று நான் எண்ணுவதுண்டு.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. தொண்டு நிறுவனத்தின் மடியில் பிறந்து பிறகு தன் காலில் நிற்க முயல்வது. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் மாவட்டத்தில் கர்வி என்ற ஊரில் 2002 மே மாதம் ‘கபர் லஹரியா’ தொடங்கியபோது டெல்லியின் ‘நிரந்தர்’ அமைப்பு அதன் பின்னால் இருந்தது. எழுதியவர்கள் புந்தேல்கண்ட் கிராமத்துப் பெண்கள்: தலித்துகள், கோல் பழங்குடியினர், முஸ்லிம்கள். பெரும்பாலோருக்குப் பள்ளிப் படிப்பு குறைவு. சிலர் முதியோர் கல்வியில் எழுத்தறிந்தவர்கள். மொழி, செய்தித்தாள் இந்தி அல்ல, வீட்டில் பேசும் புந்தேலி. செய்தி சேகரித்தவர்களே படம் எடுத்தார்கள், பக்கம் அமைத்தார்கள், அச்சான கட்டைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்து விற்றார்கள். பேருந்து போகாத ஊருக்கும் அந்த இதழ் போனது.

விற்கப் போகிற பெண்ணே செய்தியாளராகவும் இருப்பது சாதாரண ஏற்பாடு அல்ல. போன இதழில் எழுதிய அடிபம்பு சரி செய்யப்பட்டதா என்பதை அவளே பார்த்துவிடுகிறாள். எழுதப்பட்டவர் அவளை மறித்துக் கேள்வி கேட்கிறார். தவறு இருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். வேலை உறுதித் திட்டக் கூலி வரவில்லை என்று ஒரு கிராமம் சொன்னதை அடுத்த கிராமம் படித்து, நமக்கும் வரவில்லையே என்கிறது. நகரத்துச் செய்தியாளர் ஒருமுறை வந்து எழுதிவிட்டுப் போகும் கட்டுரையில் இந்தத் திரும்பி வருதல் இல்லை. திரும்பி வருவதற்கு விலையும் உண்டு. 2015இல் ஒரே மனிதன் மாதக்கணக்கில் இந்தச் செய்தியாளர்களைத் தொலைபேசியில் ஆபாசமாக மிரட்டிவந்தான். அவர்கள் தங்கள் நிலையை வெளிப்படையாக எழுதி நாடே பேசிய பிறகுதான் காவல்துறை வேகம் காட்டியது. ஊரார் குறைகளை எழுதியவர்கள் தங்கள் குறையையும் எழுதித்தான் நியாயம் பெற வேண்டியிருந்தது.

2009இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருது அவர்களுக்குக் கிடைத்தது. அவர்களைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் விருதுப் பட்டியலில் இடம்பெற்றது. விழாவுக்குச் சில நாள் முன், அந்தப் படம் தங்கள் வேலையின் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகிறது என்று ‘கபர் லஹரியா’ வெளியிட்ட அறிக்கையைப் பலர் நன்றிகெட்ட செயலாகப் பார்த்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது ஆண்டுகளாகத் தங்கள் கதையைத் தாங்களே எழுதிவந்தவர்கள், பிறர் எழுதியதைத் திருத்துவதும் அவர்களுடைய அன்றாட வேலையைச் சேர்ந்ததுதான்.

*

தமிழ்நாட்டில் இன்று அப்படி ஓர் இதழ் தொடங்கினால் முதல் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? என் மனதில் ஒரு பக்கம் இருக்கிறது. மலக்குழியிலும் பாதாளச் சாக்கடையிலும் இறங்கி இறப்பவர்களின் பக்கம். 1993க்குப் பிறகான இந்த மரணங்களில் தமிழ்நாடு மாநிலங்களிலேயே முதலிடத்தில் இருப்பதை நாடாளுமன்றத்தில் தரப்பட்ட அரசுக் கணக்கே சொல்லியிருக்கிறது. கையால் மலம் அள்ள ஆட்களை ஏவுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, கணக்கும் இருக்கிறது.

நாளேட்டில் இது எப்படி வருகிறது? விஷவாயு தாக்கி இருவர் பலி என்று ஒரு பத்தி வரும். தீயணைப்பு வீரர்கள் உடலை மீட்டார்கள், போலீசார் விசாரிக்கிறார்கள் என்று முடியும். மறுநாள் அந்த இடத்தில் வேறு செய்தி. அந்தப் பத்தியை எழுதியவர் மனமில்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். நாளேட்டின் நாள் அதோடு முடிந்துவிடுகிறது. நான் நினைக்கும் இதழில் இது நிலையான பக்கம். இறந்தவரின் ஊர், நாள், குழி யாருடையது, இறக்கியவர் ஒப்பந்ததாரரா, வீட்டுக்காரரா, நகராட்சியா; முதல் தகவல் அறிக்கை வெறும் விபத்து என்று பதிவானதா, 2013 சட்டத்தின் கீழ் பதிவானதா; இழப்பீடு எவ்வளவு, எந்த நாளில் கைக்கு வந்தது; பிள்ளைகளின் படிப்பு என்ன ஆனது. தெரியாத கட்டம் வெற்றாகவே இருக்கும். அடுத்த இதழில் அதே வரிசை மறுபடி வரும், நிரம்பிய கட்டங்களோடும் நிரம்பாத கட்டங்களோடும். தகவல் உரிமைச் சட்ட மனுவும் மேல்முறையீடும் அந்தப் பக்கத்தின் அன்றாட வேலை. இதற்குப் பெரிய எழுத்தாற்றல் தேவையில்லை. மாவட்டத்துக்கு ஒருவர், அந்தக் குடும்பங்களோடு தொடர்பு அறுக்காத ஒருவர் தேவை. அவர் அந்தத் தெருவிலிருந்தே வந்தவராக இருந்தால், எந்த அதிகாரியிடம் எந்தக் காகிதம் முடங்கிக் கிடக்கிறது என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இப்படி ஒரு பக்கத்துக்கு விளம்பரம் கிடைக்காது என்பது உறுதி. நகராட்சி ஒப்பந்ததாரரும் வீட்டுமனை வியாபாரியும் தரமாட்டார்கள். தந்தால் வாங்கக் கூடாது. ஆண்டுச் சந்தா கட்டும் சில ஆயிரம் பேர் வேண்டும். துப்புரவுத் தொழிலாளர் சங்கங்கள், ஆசிரியர் அமைப்புகள், வழக்கறிஞர்கள், வெளிநாட்டில் சம்பளம் வாங்கும் தமிழர்கள் என்று இன்றைய கோலாரும் ரங்கூனும் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டும். இதழ் தொடங்குகிறவர் முதல் ஆறு மாதத்தை எழுதுவதில் செலவிடாமல் இந்தத் தேடலில் செலவிட்டால் நல்லது என்பேன். பதிவு முறை முன்பைவிட எளிது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2024 மார்ச் முதல் புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது; தலைப்புக்கும் பதிவுக்கும் இணையவழியே விண்ணப்பிக்கலாம், மாவட்ட நடுவர் முன் உறுதிமொழி தரும் பழைய நடைமுறை போய்விட்டது. சட்டத்தின் வாசல் அகன்றதால் மட்டும் அச்சகக் கடன் குறைந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

*

இவ்வளவு பாடுபட்டு வந்த இதழ்கள் என்ன ஆயின? ஜெ. பாலசுப்பிரமணியம் தொகுத்திருக்கும் தலித் இதழ்களின் வரலாறு 1869இல் வந்த ‘சூரியோதய’த்தில் தொடங்குகிறது. ‘பஞ்சமன்’, ‘திராவிட பாண்டியன்’, ‘மகாவிகட தூதன்’ என்று பெயர்கள் நீள்கின்றன. பலவற்றுக்கு இன்று பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது. பிற இதழ்களில் வந்த குறிப்புகளைக் கொண்டுதான் அவை இருந்தன என்றே அறிகிறோம். ஏழாண்டு வந்த ‘பறைய’னின் முழுத் தொகுதி நம் கையில் இல்லை. 3,412 பேர் கையொப்பமிட்ட அந்த நாட்களில் இதழ் என்ன எழுதியது என்பதை சீனிவாசனின் சுருக்கமான நினைவிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. ‘தமிழன்’ பிழைத்ததற்குக் காரணம் நூலகங்கள் அல்ல. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தங்கள் வீடுகளில் பழந்தாள்களைக் காத்துவைத்தார்கள். அவற்றிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாக வந்தது. ஆசிரியர் இறந்து 85 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் தொகுப்புக்கு முன் எழுதப்பட்ட தமிழ்ச் சிந்தனை வரலாறுகளில் அவருக்கு இடம் ஏறக்குறைய இல்லை. பின் எழுதப்பட்டவற்றில் அவரைத் தவிர்க்க முடியவில்லை. புறக்கணிக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதிய இதழ்களும் அதே புறக்கணிப்புக்கு ஆளாயின. அந்த 85 ஆண்டுகளில் எத்தனை விவாதங்கள் அவர் இல்லாமலேயே நடந்து முடிந்துவிட்டன என்று நினைக்கும்போது எனக்கு ஆறவே இல்லை.

இன்றைய நிலைமை இதைவிடப் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. அச்சாகும் நூல்களையும் இதழ்களையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் அனுப்பவேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சிறு இதழ்களில் பல அதைக் கடைப்பிடிப்பதில்லை. இணையத்தில் மட்டும் வரும் இதழ்களையோ அந்தச் சட்டம் கண்டுகொள்வதே இல்லை. அச்சுச் செலவு தாளாமல் ‘கபர் லஹரியா’வே பத்தாண்டுக்கு முன் கைப்பேசித் திரைக்கு மாறியது, தமிழிலும் புதிய முயற்சிகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. சேவையகத்துக்கு ஓராண்டு வாடகை கட்டத் தவறினால் பத்தாண்டு உழைப்பு ஒரே இரவில் காணாமல் போகும். பழந்தாளைப் பரணில் வைத்துக் காத்த ஓர் அன்பு பொன்னோவியம் அதற்கு அமையமாட்டார்.

ஆகவே புதிய இதழ் தொடங்க நினைக்கும் நண்பர்கள், அது திரையில் மட்டும் வந்தாலும், ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் தாளில் அச்சடித்துக் கட்டடம் செய்து, கன்னிமாராவுக்கும் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகத்துக்கும் தங்கள் மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிட வேண்டும். எழுதப்பட்ட குடும்பங்களுக்கும் ஒன்று. அதற்கான செலவை முதலாண்டு வரவுசெலவுக் கணக்கிலேயே, செய்தியாளர் ஊதியத்துக்கு அடுத்த வரியாக எழுதிவைத்துவிடுங்கள்.